பதினொன்று இருபதுக்குப் பிறகு

மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, ஒயரின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் ஐந்து ஓட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு கறுப்பு, ஒன்று நீலம். மகன் வாங்கிக் கொடுத்த சின்னப் பெட்டி அது. சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு, முன்பக்கம் வரிசையாகக் குட்டி விளக்குகள். கம்ப்யூட்டரை மூன்று மாடி தூக்கி வந்து இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே அவன் சொன்னான்: "சுவத்துலேந்து வர ஒயரை இதுல சொருகும்மா. இன்னொரு ஒயரை இதுலேந்து கம்ப்யூட்டருக்குச் சொருகு. கண்ட கண்ட வைரஸும் உன் மெஷினுக்குள்ள வராம இது நடுவுல நின்னு பாத்துக்கும். அவ்வளவுதான், பச்சைக் குழந்தை கூடப் பண்ணிடும்." பச்சைக் குழந்தைகளைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்! எந்த ஓட்டையில் எது என்று மட்டும் சொல்லாமல், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டான். வளர்த்த லட்சணம், யாரைக் குறை சொல்வது?

வைரஸ் என்றதுமே அவளுக்கு அந்தப் பெட்டியின்மேல் மரியாதை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் பொது வார்டில் நர்ஸாக இருந்தவள். கையுறை, முகக்கவசம் மாதிரி இதுவும் ஒன்று என்று புரிந்துகொண்டாள். நாற்பத்தாறு வயதில் இரண்டு வருஷ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மேல்படிப்புக்காக இந்தப் பெண்கள் விடுதிக்கு வந்திருக்கிறாள். வந்து நாலு நாள்தான் ஆகிறது, அதற்குள் மாடி முழுக்க அவள் "நர்ஸக்கா". தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஓட்டை விஷயத்தில் அவள் ரொம்ப நேரம் குழம்பவில்லை. வார்டுச் சுவரில் கட்டிலுக்குக் கட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். மின்சாரத்துக்கு ஒரு மாதிரி, ஆக்ஸிஜனுக்கு வேறு நிறம், உறிஞ்சு குழாய்க்கு இன்னொரு நிறம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடுவார்கள்: நிறம் மாறினால் கை வைக்காதே, கேட்டுவிட்டுத் தொடு. ஆக, நீலம் யாருக்கோ எதற்கோ ஒதுக்கியது, நமக்கு எதற்கு வம்பு! சுவரிலிருந்து வந்த ஒயரை முதல் கறுப்பு ஓட்டையில் சொருகினாள், கம்ப்யூட்டருக்குப் போகிற ஒயரை இரண்டாவதில். இரண்டும் டக்கென்று சத்தம் போட்டு உட்கார்ந்தன. பச்சை விளக்குகள் கண் சிமிட்டின. மணி பதினொன்றரை. அவளுக்கே தன்னை முதுகில் தட்டிக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது.

இணையப் பக்கம் மட்டும் திறக்கவில்லை. அதற்கும் அவள் கலங்கவில்லை. காலையில் நெட்வொர்க் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வந்து, அவள் கம்ப்யூட்டரின் எண்ணை ஒரு நீளமான நோட்டில் குறித்துக்கொண்டு போயிருந்தார். பிள்ளைகள் அவரைக் கேபிள் அண்ணன் என்பார்கள். இடுப்பில் ஒரு வளையம் ஒயரும் சட்டைப் பையில் மூன்று பேனாவும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாதாம். "எங்க பக்கம் ஏத்த கொஞ்ச நேரம் ஆகும்க்கா, மத்தியானத்துக்குள்ள வந்துரும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நாலு மணிக்குள் வந்தால் போதும் அவளுக்கு.

நாலு மணி என்பதுதான் விஷயமே. நாலு மணிக்கு வகுப்பின் சிறப்புப் பிரிவுகள் திறக்கும். அறுபது பேர் வகுப்பில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இருபதே இடம், முந்தினவருக்கு முதலிடம். ஒருவருக்காக இன்னொருவர் இடம் பிடித்துவிடக் கூடாது என்று, அவரவர் பெயரில் பதிந்த மெஷினிலிருந்துதான் அந்தப் பக்கமே திறக்கும். கிடைக்காதவர்களை நிர்வாகப் பிரிவில் போட்டுவிடுவார்கள். அங்கே போய்ப் பணி அட்டவணை போடக் கற்றுக்கொள்ளலாம். அதை அவள் இருபத்திரண்டு வருஷமாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், தூக்கத்தில் எழுப்பினாலும் போடுவாள். வார்டில் ஒரு நோயாளிக்கு நிலைமை மோசமானால் ஸ்டிரெச்சரோடு கூடவே ஓடி, அந்தக் கண்ணாடிக் கதவு வரைக்கும் போவாள். அங்கே உள்ளிருந்து ஒரு கை நீளும். கேஸ் ஷீட்டைக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும், கதவு மூடிக்கொள்ளும். அத்தனை வருஷமும் அந்தக் கதவோடு சரி. இந்த ஒருமுறை உள்ளே போக வேண்டும் என்று ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி என்றே சொல்லலாம். வீட்டுக்காரர்கூட, "போயிட்டு வா, சமையலை நான் பாத்துக்கறேன்" என்றுவிட்டார். இதுவரை இரண்டு பாத்திரம் கரிந்திருக்கிறது என்று தகவல்.

ஒரு மணி வாக்கில்தான் மாடியில் முதல் கூச்சல் கேட்டது. யாருக்கோ நெட் போய்விட்டது. பத்து நிமிஷத்தில் இன்னொருத்திக்கு. அப்புறம் எதிர் வரிசையில் இரண்டு பேருக்கு. போனவர்கள் எல்லாம், பிள்ளைகளுக்கே உரிய பழக்கப்படி, மெஷினை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். அப்படியும் வரவில்லை. நடைவழி முழுக்க "உனக்கு வருதா? எனக்கும் போச்சு!" என்ற பாட்டுத்தான். இரண்டரை மணிக்குக் கேபிள் அண்ணன் மடிக்கணினியை அணைத்துக்கொண்டு மேலே வந்தார். படிக்கட்டுப் பக்கம் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து எதையோ சொருகிப் பார்த்தார். முகம் கடுகடுத்துவிட்டது.

"இந்த மாடியில யாரோ சொந்தமா ரூட்டர் மாட்டியிருக்கீங்க. கம்ப்யூட்டரைப் போட்டதும் எங்க மெஷின் குடுக்க வேண்டிய முகவரியை அது அள்ளி விட்டுட்டு இருக்கு. அதுகிட்ட வாங்கினவங்க எல்லாம் நடுத்தெருவுலதான் நிப்பாங்க. நோட்டீஸ் போர்டுல அச்சடிச்சு ஒட்டியிருக்கு, யாராவது படிக்கிறீங்களா?"

யாரும் படிப்பதில்லை. நர்ஸக்கா படித்திருந்தாள். ரூட்டர் கூடாது என்று படித்தபோது, அது ஏதோ பெரிய இரும்புச் சாமான் என்று நினைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். இப்போதும் கூட்டத்தில் நின்று, "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா" என்று ரொம்ப உணர்ச்சியோடு தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

கேபிள் அண்ணன் மற்ற மாடிகளுக்கும் தொற்றக் கூடாது என்று இரும்புப் பெட்டியிலேயே இந்த மாடிக்கான இணைப்பை மொத்தமாக நிறுத்தினார். நேராகப் பதினேழாம் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினார். அது வாலுவின் அறை. பாலம் கட்டுவதைப் பற்றிப் படிக்கிற பெண். போன வருஷம் இதே மாதிரி ஒரு ரூட்டர் மாட்டி மூன்று மாடியை ஒரு நாள் முழுக்க இருட்டில் போட்ட புண்ணியவதி. அதிலிருந்துதான் அந்தப் பட்டப்பெயர். இன்னொரு தடவை என்றால் விடுதியையே காலி செய்ய வேண்டும் என்று வார்டன் கையெழுத்தே வாங்கி வைத்திருந்தார். கேபிள் அண்ணன் உள்ளே போய், அலமாரி மேல்தட்டிலிருந்து தடித்த இரும்புக் கூடு போட்ட அந்தப் பழைய பெட்டியையே எடுத்துக்கொண்டு வந்தார்.

"இது என்னம்மா?"

"அண்ணா, சத்தியமா அது சும்மா கெடக்குது. மேல பூச்செடி வச்சிருந்தேன், அதுக்கு மட்டம் சரியா இருக்கும்னு."

"நான் வர்ற சத்தம் கேட்டுப் புடுங்கி வச்சிருப்ப. மூணரைக்கு வார்டன் வந்துருவாங்க. அவங்ககிட்டயே சொல்லிக்க."

வாலு வாயைத் திறந்தாள், மூடினாள். எப்போதும் பத்துப் பேருக்குப் பேசுகிற பெண் ஒரு வார்த்தை பேசாமல் நின்றதைப் பார்க்க நர்ஸக்காவுக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போய்ப் பெட்டியின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் பார்க்கிற கை அது, தப்பாது.

"தம்பி, இது காலையிலேந்து ஓடலை. ஜில்லுனு இருக்கு. ஓடிட்டு இருந்ததுன்னா கொஞ்சமாவது சூடு இருக்காதா?"

"அதுக்கெல்லாம் நேரமில்லக்கா. நாப்பது ரூம், ஒவ்வொரு ஒயரா புடுங்கிப் பாத்தா ராத்திரி ஆயிரும்."

"உங்க நேரத்தை விடுங்க, எனக்கு நாலு மணிக்கு வேணும்" என்றாள் அவள். "ஒரு காகிதம் குடுங்க. ஒரு கால் மணி நேரம்."

வார்டில் நாலு கட்டிலுக்கு ஒரே நாளில் பேதி வந்தால் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தாள். யாருக்கு, எந்த அறையில், எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாய்? வாலுவைக் கூடவே இழுத்துக்கொண்டு அறை அறையாகப் போனாள். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் அவள் கேட்கிற தோரணையில் நிமிர்ந்து நின்று பதில் சொன்னார்கள். ஒருத்தி தன்னையறியாமல் நாக்கைக்கூட நீட்டினாள். ஐந்தாவது அறைக்குள்ளாகவே ஒன்று தெளிவாகிவிட்டது. எப்போது போனது என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை, எப்போது மெஷினைப் போட்டாய் என்றுதான் கேட்க வேண்டும். விடியற்காலையிலேயே போட்டு அணைக்காமல் விட்டவர்களுக்கு மாடியை நிறுத்தும்வரை ஒரு குறையும் இல்லை. இடையில் அணைத்துப் போட்டவர்கள்தான் ஒருத்தர் விடாமல் விழுந்திருக்கிறார்கள். பதினான்காம் அறைக்காரி பதினொன்று இருபதுக்குப் போட்டாளாம், நன்றாக வேலை செய்தது. ஒன்பதாம் அறைக்காரி பதினொன்று நாற்பதுக்குப் போட்டாளாம், அப்போதிருந்தே இல்லை. தன் மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூங்கிவிட்டாளாம்.

நர்ஸக்காவுக்கு உற்சாகம் பிடிபடவில்லை. காகிதத்தில் இரண்டு கோடு போட்டாள். "பாத்தியா? பதினொன்னு இருபது வரைக்கும் வார்டு சுத்தம். பதினொன்னு நாப்பதுல நோய் இருக்கு. நடுவுல இருபது நிமிஷம். இப்பக் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். அந்த இருபது நிமிஷத்துல இந்த வார்டுக்குப் புதுசா அட்மிஷன் ஆனது யாரு?"

"புதுசான்னா?" என்று வாலு யோசித்தாள். "எல்லாரும் போன வருஷத்து ஆளுங்கதான். இந்த மாடிக்குப் புதுசு..."

வாலு அவளைப் பார்த்தாள். அவள் காகிதத்தைப் பார்த்தாள். பதினொன்றரை.

"ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மேஜைக்கு அடியில் மண்டியிட்டுப் புறங்கையை வைத்தாள். நல்ல சூடு. பச்சை விளக்குகள் ஒரு பாவமும் அறியாதவை மாதிரி கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. அட ராமா! காவலுக்கு வைத்த ஆளே கன்னம் வைத்திருக்கிறான். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது. ரூட்டர் மாட்டினால் அந்த அறைக்கு இந்தப் பருவம் முழுக்க இணைப்பு இல்லை, அதையும் நோட்டீஸில்தான் படித்திருந்தாள்.

மணி மூன்று இருபத்தைந்து. இரண்டே விரல் போதும், ஒயரைப் பிடுங்கிவிடலாம். பெட்டியைத் துணி அலமாரிக்குள் போட்டுவிடலாம். கேபிள் அண்ணன் இரும்புப் பெட்டியைத் திரும்பப் போட்டால் எல்லாருக்கும் வந்துவிடும். நாலு மணிக்கு இடமும் கிடைத்துவிடும். வாலு எப்படியும் பேசிச் சமாளித்துவிடுவாள், வாயுள்ள பிள்ளை. இப்படி எல்லாம் அவள் நினைத்தாள், நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். அந்தக் கண்ணாடிக் கதவு அவ்வளவு பக்கத்தில் தெரிந்தது. கூடவே, சற்றுமுன் வாயைத் திறந்து மூடிய அந்த முகமும் தெரிந்தது. வார்டில் மருந்து மாறிப்போனால் மாற்றிக் கொடுத்தவள்தான் எழுத வேண்டும், அதுவும் பணி முடிவதற்குள், அடுத்தவள் தலையில் விடிவதற்குள். அவளும் இரண்டு முறை எழுதியிருக்கிறாள். மகனை நாலு வார்த்தை நன்றாகத் திட்டிக்கொண்டே ஒயரைப் பிடுங்கினாள்.

நடைவழியில் வார்டன் வந்துவிட்டிருந்தார். கேபிள் அண்ணன் வாலுவின் பெட்டியைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸக்கா தன் பெட்டியைப் பிரசவ அறையிலிருந்து குழந்தையை எடுத்து வருகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் நடுவில் நின்றாள். ஒயர் பின்னால் தரையில் இழுபட்டது.

"தம்பி, அந்தப் பிள்ளையை விடுங்க. வியாதி என்கிட்டேந்துதான் வந்திருக்கு. தொட்டுப் பாருங்க, இன்னும் சூடு ஆறலை."

கேபிள் அண்ணன் பெட்டியைத் தொட்டே பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"நீங்களா! சுவத்து ஒயரை இந்த நீலத்துலதானேக்கா போடணும்? அதுல போட்டிருந்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"வேற கலர் ஓட்டையில கை வச்சா எங்க வார்டுல வேலை போயிடும், தம்பி. அதான் ஜாக்கிரதையா விட்டுட்டேன்."

முதலில் சிரித்தது வார்டன்தான். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை, ஒன்பதாம் அறைக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கேபிள் அண்ணன் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து மூன்று பேனாக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

"மன்னிச்சுக்கங்கக்கா. தெரிஞ்சு செஞ்சாலும் தெரியாம செஞ்சாலும் சட்டம் ஒண்ணுதான். உங்க ரூம் லைன் இந்த டேர்முக்குக் கட். இல்லேன்னா நாளைக்கு நாப்பது பேரும் தெரியாமத்தான் செஞ்சேம்பாங்க."

"எழுதுங்க" என்றாள் அவள். அழக் கூடாது என்று நினைத்தாள், ஆனால் கண் நிறைந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷக் கனவை ஒரு சோப்பு டப்பா முழுங்கிவிட்டதே என்று நினைக்க நினைக்க ஆற்றாமையாக இருந்தது.

"அண்ணா," என்றது ஒரு குரல். வாலுவுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. "கட் ரூமுக்கா, மெஷினுக்கா?"

"லைனுக்கு."

"அப்ப இவங்க மெஷினை என் ரூமுக்குத் தூக்கிட்டு வந்தா?"

"ஒரு லைன்ல ஒரு மெஷின்தான். உன் மெஷினை எடுக்கணும். நீ எழுதிக் குடுக்கணும். வார்டன் கையெழுத்து வேணும். நான் நம்பரை மாத்திப் பதியணும்."

"எடுத்துட்டேன், எழுதிட்டேன்" என்று வாலு அவர் கையிலிருந்த பேனாவையே பிடுங்கினாள். "மேடம், இந்தாங்க, கீழ ஒரு கையெழுத்து."

"உனக்கு என்னம்மா வழி, வாரா வாரம் நீ அனுப்ப வேண்டிய பாடமெல்லாம்..." என்று நர்ஸக்கா ஆரம்பித்தாள்.

"சும்மா இருங்கக்கா. ஜில்லுனு இருக்குன்னு சொல்ல ஒரு கை இல்லாம இருந்திருந்தா நான் இந்நேரம் பெட்டி கட்டிட்டு இருப்பேன். நாளையிலேந்து இந்த ஒரே மெஷினை ராவும் பகலுமாப் பங்கு போட்டுக்கலாம். இப்ப மணி என்ன தெரியுமா? மூணு நாப்பத்தாறு!"

அதற்குப் பிறகு நடந்ததை எந்த நோட்டீஸ் போர்டும் அனுமதித்திருக்காது. ஒருத்தி மானிட்டரைத் தூக்கினாள், இரண்டு பேர் கம்ப்யூட்டரின் பெரிய பெட்டியை. ஒன்பதாம் அறைக்காரி கீபோர்டைத் தோளில் சாத்திக்கொண்டு வழி விலக்கிக்கொண்டு போனாள். நர்ஸக்கா பழக்கதோஷத்தில் ஸ்டிரெச்சரோடு ஓடுகிற மாதிரி பக்கவாட்டில் கை கொடுத்துக்கொண்டே ஓடினாள். "திருப்பத்துல மெதுவா, தலைப்பக்கம் தூக்கிப் பிடி!" என்று அதட்டல் வேறு. வாலு தன் மெஷினின் ஒயரைப் பிடுங்கி, மேஜையில் ஒரே துடைப்பாக இடம் பண்ணினாள். கேபிள் அண்ணன் இரும்புப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மூக்கு நுனியில் வியர்வையோடு எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். "யாரும் பேசாதீங்க, ஒரு நம்பர் தப்பினா முதல்லேந்து." வார்டன்கூட மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

பக்கம் திறந்தபோது நாலு மணி இரண்டு நிமிஷம். தீவிர சிகிச்சைக்கு நேராக ஆறு என்று இருந்தது. அடுத்த விடுதிகளில் இருந்தவர்கள் அதற்குள் பதினாலு இடத்தைக் கொண்டுபோயிருந்தார்கள். நர்ஸக்கா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒற்றை விரலால் தன் பதிவு எண்ணைத் தேடித் தேடி அடித்தாள்.

"நம்பரைச் சொல்லுங்கக்கா, நான் அடிச்சுடறேன்!"

"வேண்டாம். என் கையாலயே இருக்கட்டும்."

கடைசி எண்ணை அடித்து நிமிர்ந்தபோது ஆறு, மூன்றாகியிருந்தது. பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு மணல் கடிகாரம் தோன்றிச் சின்னதாகப் புரண்டது. நின்றது. மறுபடி புரண்டது. அறைக்குள் ஒன்பது பேர் இருந்தும் மின்விசிறிச் சத்தம் தனியாகக் கேட்டது.

"அக்கா," என்றாள் வாலு மெல்ல. "என் கையை எதுக்குப் பிடிச்சிருக்கீங்க?"

நர்ஸக்கா குனிந்து பார்த்தாள். எப்போது பிடித்தாளோ, அவளுடைய மூன்று விரல்கள் வாலுவின் மணிக்கட்டில் இருந்தன. உதடு தானாக எண்ணிக்கொண்டிருந்தது.

"நூத்தி இருபத்திநாலு" என்றாள்.

"எனக்கா! அப்ப உங்களுக்கு?"

"என்னோடதை எண்ணணும்னா இன்னொரு நர்ஸ் வேணும்."

வாலு இன்னொரு கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தப்பான இடம், அங்கே ஒரு துடிப்பும் கிடைக்காது. நர்ஸக்கா அந்த விரல்களைக் கொஞ்சம் மேலே நகர்த்தி வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். வாசலில் நின்ற ஒன்பதாம் அறைக்காரி தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவளும், பிறகு வார்டனும், கடைசியாக, நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கேபிள் அண்ணனும். எல்லா உதடுகளும் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தன. மணல் கடிகாரம் இன்னொரு முறை புரண்டது.